ஓரம் சுத்தமாக இருந்தால் போதுமா? கருப்பைவாய் மாற்றம் திரும்புமா என்பதை எப்படிக் கணிக்கிறார்கள்

கருப்பைவாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருக்கிறது என்று அந்தப் பகுதியை வெட்டி எடுத்தால், ஒன்றிரண்டு வாரத்தில் பத்தாலஜி ரிப்போர்ட் வரும். அதில் எல்லோரும் முதலில் தேடுவது ஒரே வரியைத்தான். வெட்டிய ஓரத்தில் மாறிய செல்கள் இருக்கின்றனவா, இல்லையா? இல்லை என்றால் வீடே நிம்மதியாகிவிடும். இருக்கிறது என்றால் அன்றிலிருந்து தூக்கம் போய்விடும். அந்த நிம்மதி, அந்தப் பயம் இரண்டுமே கொஞ்சம் அவசரப்பட்டவை.

ஓரம் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் நோய் திரும்புமா என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியது ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து எடுக்கும் ஹெச்.பி.வி. பரிசோதனை, அதாவது இந்த மாற்றத்தை உண்டாக்கும் வைரஸ் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பது. பத்தாலஜி ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருக்கும் பல பெண்களுக்கு இப்படி ஒரு பரிசோதனை பாக்கி இருப்பதே தெரியாது. ஏன் ஓரத்தை விட வைரஸை நம்பலாம் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில் அடிப்படை. கருப்பைவாயின் வெளிப்புறத்தைத் தட்டையான செல்கள் மூடியிருக்கும். உள்ளே போகும் குழாயில் இருப்பவை உயரமான, சளி சுரக்கும் செல்கள். இரண்டும் சந்திக்கும் வளையம் வயதோடு இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு வகை செல் இன்னொரு வகையாக மாறுகிற இந்தப் பட்டையில்தான் ஹெச்.பி.வி. எளிதாகக் குடியேறுகிறது. உடலுறவு வழியாகப் பரவும் மிகச் சாதாரணமான வைரஸ் அது. பெரும்பாலோருக்கு ஓரிரு வருடத்தில் தானாகவே மறைந்துவிடும். மறையாமல் தங்கிவிடும் சிலருக்குத்தான் செல்கள் மாறத் தொடங்குகின்றன. அந்த மாற்றத்தை சி.ஐ.என். 1, 2, 3 என்று தரம் பிரிக்கிறார்கள். ஒன்றாம் தரம் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். மூன்றாம் தரத்தை விட்டுவைப்பதில்லை. இரண்டாம் தரத்துக்கும் பொதுவாகச் சிகிச்சைதான், இளம்பெண்களாக இருந்தால் சில சமயம் காத்திருந்து பார்ப்பார்கள். வைரஸில் 16, 18 ஆகிய இரண்டு வகைகள் மட்டுமே உலகின் கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். இந்த உறவைக் கண்டறிந்த ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சிகிச்சை செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பது நமக்கு எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்கலாம். அது தெரிந்த விதம் மருத்துவ வரலாற்றில் தலைகுனிய வைக்கும் ஓர் அத்தியாயம்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நேஷனல் விமென்ஸ் மருத்துவமனை. அங்கே ஹெர்பர்ட் கிரீன் என்ற மகப்பேறு, மகளிர் நோய் நிபுணர், இந்த மாற்றங்கள் புற்றுநோயாக முன்னேறாது என்று உறுதியாக நம்பினார். அதை நிரூபிக்க அவர் போட்ட திட்டத்துக்கு மருத்துவமனை 1966-இல் அனுமதி கொடுத்தது. பெண்கள் சிலருக்குச் சிறு துண்டு மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, முழுச் சிகிச்சை தராமல் வருடக்கணக்கில் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. 1984-இல் அதே மருத்துவமனையின் சக மருத்துவர்கள் உண்மை நிலவரத்தைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 1987-இல் சாண்ட்ரா கோனி, பிலிடா பங்கிள் என்ற இரு பெண்கள் அதை ஒரு பத்திரிகையில் பொதுமக்களுக்குப் புரியும்படி எழுதிய பிறகுதான் நாடு கொதித்தது. நீதிபதி சில்வியா கார்ட்ரைட் தலைமையில் விசாரணை நடந்து 1988-இல் அறிக்கை வந்தது.

அந்த மருத்துவமனையின் பதிவேடுகளைப் பின்னாளில் ஆய்வாளர்கள் மறுபடி எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்து, 2008-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூன்றாம் தர மாற்றம் இருந்து, சிறு துண்டு மட்டும் எடுக்கப்பட்டவர்கள் 143 பேர். 30 வருடத்தில் அவர்களில் 31.3 சதவீதத்தினருக்குப் புற்றுநோய் வந்தது. அந்த 143 பேரில் 92 பேருக்கு, இரண்டு வருடத்துக்குள் பார்த்தபோதும் மாற்றம் அப்படியே இருந்தது. அவர்களிடையே இந்த விகிதம் 50.3 சதவீதம். முறையான சிகிச்சை பெற்ற 593 பேரிடையே? வெறும் 0.7 சதவீதம்.

கடைசி எண்ணில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அந்த 593 பேரில் யாருக்கும் நோய் திரும்பவில்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது. திரும்பியவர்களுக்கு அப்போதும் முறையாகச் சிகிச்சை கொடுத்தார்கள். அதாவது மாற்றம் திரும்புவதாலேயே பேராபத்து வந்துவிடுவதில்லை, அதை யாரும் பார்க்காமல் விடும்போதுதான் ஆபத்து. கணிப்பு என்ற வேலையின் பயனே இதுதான். யாரை விடாமல் பார்க்க வேண்டும், யாரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பலாம் என்று பிரிக்க வேண்டும்.

ஓரம் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

இன்று அதிகம் செய்யப்படுவது லீப் என்கிற முறை. மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய கம்பி வளையத்தில் மின்சாரம் செலுத்தி, மாறிய பட்டையைச் சுரண்டாமல் ஒரே துண்டாக எடுத்துவிடுவார்கள். சில நிமிட வேலை, பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். கத்தியால் கூம்பு வடிவில் வெட்டி எடுக்கும் பழைய முறையும் இருக்கிறது. குழாயின் உள்ளே மாற்றம் இருக்கும் என்ற சந்தேகம் வந்தால் அதற்குப் போவார்கள், மயக்க மருந்து வேண்டியிருக்கும்.

எடுத்த துண்டு சுண்டுவிரல் நுனி அளவுக்குத்தான் இருக்கும். கடிகாரத்தில் 12 மணி எங்கே இருக்குமோ அந்த இடத்தில் ஒரு தையல் போட்டு, ஃபார்மலினில் போட்டு லேபுக்கு அனுப்புவார்கள். தையலை வைத்துத்தான் துண்டின் எந்தப் பக்கம் உடலில் எந்தப் பக்கம் இருந்தது என்று அங்கே தெரியும். லேபில் வெட்டுப்பரப்பு முழுக்க மை பூசுவார்கள். பிறகு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் நறுக்கி, மெழுகில் பதித்து, அதிலிருந்து மிக மெல்லிய சீவல்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயமேற்றுவார்கள். நுண்ணோக்கியில் மாறிய செல்கள் மைக்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஓரம் பாசிட்டிவ். தொடாமல் இடைவெளி விட்டிருந்தால் நெகட்டிவ். பார்க்க வேண்டிய ஓரங்கள் மூன்று: யோனிப் பக்கம் இருக்கும் வெளி ஓரம், கருப்பைப் பக்கம் இருக்கும் உள் ஓரம், பிறகு ஆழத்தில் இருக்கும் அடி ஓரம். உள் ஓரத்தில் மாற்றம் இருந்தால் மருத்துவர்கள் அதிகம் கவலைப்படுவார்கள். குழாய்க்குள் மிச்சம் இருப்பதை வெளியிலிருந்து கோல்போஸ்கோப்பில் (கருப்பைவாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) பார்க்க முடியாதே.

இவ்வளவு கவனமாகப் பார்த்தும் ஓரம் ஏன் ஏமாற்றுகிறது? ஓரம் பாசிட்டிவ் ஆக இருந்தும் பலருக்கு எதுவும் திரும்புவதில்லை. வெட்டிய பிறகு ரத்தம் நிற்பதற்காக அந்த இடத்தை மின்முனையால் கரித்துவிடுவார்கள், விளிம்பில் தங்கிய செல்கள் அதிலேயே அழிந்துபோகலாம். புண் ஆறும்போது உடலின் எதிர்ப்புச் சக்தியும் அங்கே தீவிரமாக வேலை செய்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. மின்கம்பி பட்ட விளிம்பில் செல்கள் வெந்து உருக்குலைந்திருக்கும். சில ரிப்போர்ட்களில் ஓரத்தைத் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதுவது அதனால்தான். அதைப் படித்துப் பயப்பட வேண்டியதில்லை.

மறுபக்கம், ஓரம் நெகட்டிவ் என்று வந்தும் சிலருக்குத் திரும்புகிறது. மாற்றம் ஒரே இடத்தில் தொடர்ச்சியாக இல்லாமல், இடைவெளி விட்டு வேறொரு புள்ளியிலும் இருந்திருக்கலாம். முக்கியமாக, செல்கள் இன்னும் மாறாமல் வைரஸ் மட்டும் சுற்றியுள்ள தோலில் தங்கியிருக்கலாம். நுண்ணோக்கிக்கு அந்தத் தோல் ஆரோக்கியமாகத்தான் தெரியும். ஆறு மாதமோ ஆறு வருடமோ கழித்து அதே வைரஸ் புதிதாக ஒரு மாற்றத்தைத் தொடங்கிவைக்கும். வெட்டப்படாமல் போனதைப் பற்றித்தான் ஓரம் பேசும், இனிமேல் வரப்போவதைப் பற்றிப் பேச அதனால் முடியாது. வைரஸ் பரிசோதனை இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது.

எண்களைப் பார்ப்போம்

இதற்கான மிகப் பெரிய தொகுப்பாய்வு 2017-இல் வந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த மார்க் ஆர்பின் குழுவினர் 97 ஆய்வுகளைச் சேர்த்து 44,446 பெண்களின் விவரங்களை அலசினார்கள். சராசரியாக 23.1 சதவீதம் பேருக்கு ஓரம் பாசிட்டிவ். மின்கம்பி முறையில் இது 25.9 சதவீதம், கத்தி முறையில் 20.2 சதவீதம். மொத்தத்தில் 6.6 சதவீதம் பேருக்கு இரண்டாம் தரமோ அதற்கு மேலோ மாற்றம் மிச்சமிருந்தது, அல்லது திரும்பியது. ஓரம் பாசிட்டிவ் ஆனவர்களுக்கு அந்த வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு.

ஐந்து மடங்கு என்றதும் ஓரமே எல்லாம் சொல்லிவிடுகிறது என்று தோன்றும். ஆனால் அதே ஆய்வு, ஓரத்தையும் சிகிச்சைக்குப் பிந்தைய ஹெச்.பி.வி. பரிசோதனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது. திரும்பப்போகிறவர்களில் 55.8 சதவீதம் பேரை ஓரம் முன்கூட்டியே காட்டிக்கொடுத்தது. வைரஸ் பரிசோதனை 91 சதவீதம் பேரைக் காட்டிக்கொடுத்தது. திரும்பாதவர்களைத் தவறாகச் சந்தேகப்படுவதில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இந்த விகிதங்களை ஆயிரம் பெண்கள் மேல் வைத்து ஒரு தோராயக் கணக்குப் போட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஆயிரம் பேருக்குச் சிகிச்சை நடக்கிறது, அவர்களில் 66 பேருக்கு மாற்றம் திரும்பப்போகிறது. ஓரத்தை மட்டும் நம்பினால் 37 பேரைப் பிடிப்போம். மீதி 29 பேர் ‘சுத்தம்’ என்ற ரிப்போர்ட்டோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். வைரஸ் பரிசோதனையை நம்பினால் 60 பேரைப் பிடிப்போம், தப்புகிறவர்கள் ஆறே பேர். ஓரம் சுத்தமாக இருந்தவருக்குத் திரும்பும் வாய்ப்பு 3.7 சதவீதம், வைரஸ் இல்லை என்று வந்தவருக்கு 0.8 சதவீதம் என்று அந்த ஆய்வு சொல்வதும் இதைத்தான்.

அதே கணக்கில் வைரஸ் பாசிட்டிவ் என்று வருகிறவர்கள் சுமார் 210 பேர். அவர்களில் 150 பேருக்கு எதுவும் திரும்பப்போவதில்லை. ஆகவே சிகிச்சைக்குப் பிறகு வைரஸ் பாசிட்டிவ் என்று வந்தவுடன் மறுபடி வெட்டிவிடக் கூடாது. கோல்போஸ்கோப் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் சிறு துண்டு எடுத்துச் சோதித்துவிட்டுத்தான் அடுத்த முடிவு. ஓரம் பாசிட்டிவ் ஆக வந்தவருக்கும் பொதுவாக உடனே இரண்டாவது அறுவை தேவைப்படுவதில்லை. ஆனால் ஐம்பது வயதைத் தாண்டி, உள் ஓரத்தில் மூன்றாம் தர மாற்றம் இருந்தால் மறுபடி எடுப்பதைப் பற்றி மருத்துவர்கள் யோசிப்பார்கள்.

முதல் தடவையே நிறைய வெட்டி எடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே வேண்டாமே என்று தோன்றலாம். அதற்கு ஒரு விலை இருக்கிறது. கர்ப்பகாலத்தில் குழந்தையைத் தாங்கி நிற்பது அந்தக் கருப்பைவாய்தான். இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 10.7 சதவீதம் பேருக்கு 37 வாரத்துக்கு முன்பே பிரசவமானது, பெறாதவர்களில் 5.4 சதவீதம் பேருக்கு என்று 2016-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. வெட்டும் ஆழம் கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டிய வயதில் இருக்கும் பெண்ணுக்கு ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்கு. குறைவாக வெட்டிவிட்டு, பிறகு நன்றாகக் கண்காணிப்பதே அவளுக்கு நல்லது. அந்த ஏற்பாடு கண்காணிப்பு உண்மையிலேயே நடந்தால் மட்டும்தான் வேலை செய்யும்.

வேறு என்னவெல்லாம் கணக்கில் வரும்? வயது ஒன்று. ஐம்பதுக்கு மேல் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு அந்த மாறும் பட்டை குழாய்க்குள்ளே போய்விடுவதால் முழுதாக எடுப்பதும் கடினம், பிறகு பார்ப்பதும் கடினம். வைரஸின் வகை இன்னொன்று. சிகிச்சைக்கு முன்பு இருந்த அதே 16-ஆம் வகை சிகிச்சைக்குப் பிறகும் தங்கியிருந்தால் அது நல்ல சேதியில்லை. வேறொரு புதிய வகை வந்திருந்தால் அவ்வளவு கவலை வேண்டாம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், குறிப்பாக ஹெச்.ஐ.வி. உள்ள பெண்கள், தனிக் கவனம் பெற வேண்டியவர்கள். அவர்களுக்குத் திரும்பும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். புகைபிடித்தலும் பாதகமானது. இவை எல்லாவற்றையும் சேர்த்து மதிப்பெண் போட்டு ஒவ்வொருவருக்கும் தனி ஆபத்தைக் கணக்கிடும் அட்டவணைகளையும், வைரஸ் மரபணுவிலும் செல்லின் மரபணுவிலும் வரும் வேதிக்குறிகளைத் தேடும் சோதனைகளையும் ஆய்வாளர்கள் முயன்று வருகிறார்கள். ஆனால் இப்போதைக்கு வைரஸ் பரிசோதனையை மிஞ்சி அன்றாட மருத்துவத்தில் நிலைத்த ஒன்று இல்லை.

தடுப்பூசியைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். சிகிச்சையை ஒட்டி ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டால் திரும்புவது குறையுமா? குறைகிறது என்று பல ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. கொரியாவில் 737 பெண்களிடம் பார்த்த ஆய்வில் போட்டவர்களில் 2.5 சதவீதம், போடாதவர்களில் 7.2 சதவீதம் பேருக்குத் திரும்பியது. ஆனால் அங்கே யார் போட்டுக்கொள்வது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கவில்லை. தானாக முன்வந்து ஊசி போட்டுக்கொள்பவர் மற்ற விஷயங்களிலும் உடம்பைக் கவனிப்பவராக இருக்கலாம். குலுக்கல் முறையில், ஹெச்.ஐ.வி. உள்ள பெண்களிடம் தென்னாப்பிரிக்காவில் நடந்த சோதனையில் பலன் தெரியவில்லை. ஏற்கெனவே செல்லுக்குள் குடியேறிய வைரஸை இந்த ஊசி விரட்டாது, புதிதாகத் தொற்றுவதைத்தான் தடுக்கும். ஊசி போட்டுக்கொள்வது தவறில்லை. போட்டாயிற்று என்று பரிசோதனையை விட்டுவிடுவதுதான் தவறு.

நம் ஊரில்

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கையில் உள்ள மருத்துவ மையத்தை மையமாக வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். தகுந்தவர்களுக்கு அங்கேயே உறையவைக்கும் சிகிச்சையும் கொடுத்தார்கள். 2007-இல் முடிவு வெளியானபோது, அந்தப் பகுதிப் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தது. செலவு குறைந்த ஒரு முறை உயிரைக் காக்கும் என்பதற்கு உலகம் காட்டும் ஆதாரங்களில் இதுவும் ஒன்று.

உறையவைத்தாலும் சரி, இப்போது பரவிவரும் சூடுவைக்கும் முறையானாலும் சரி, செல்கள் அதே இடத்திலேயே அழிந்துவிடும். லேபுக்கு அனுப்பத் துண்டு இருக்காது. துண்டு இல்லையென்றால் ஓரமும் இல்லை. அப்படிச் சிகிச்சை பெற்ற பெண்ணுக்குத் திரும்புமா என்று சொல்ல எஞ்சியிருக்கும் முக்கியமான வழி பிந்தைய வைரஸ் பரிசோதனைதான். வசதி உள்ள இடங்களில் சிகிச்சைக்கு 12 மாதம் கழித்து ஹெச்.பி.வி. பரிசோதனை செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 வழிகாட்டுதலில் சொல்கிறது. இல்லை என்று வந்தால் வழக்கமான இடைவெளிக்குத் திரும்பலாம். ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அடுத்த 12 மாதத்தில் இன்னொரு முறை. இங்கிலாந்தில் ஆறாம் மாதமே இதைச் செய்கிறார்கள், வைரஸ் இல்லையென்றால் மூன்று வருடம் கழித்துக் கூப்பிடுவார்கள்.

நம்மிடம் முதல் பரிசோதனைக்கே பெண்கள் வருவது குறைவு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு முறையாவது கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 1.9 சதவீதம். தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் நல்ல எண், தனியாகப் பார்த்தால் வருத்தமான எண். அந்தச் சிலரில் மாற்றம் கண்டு சிகிச்சை பெற்றவரை ஒரு வருடம் கழித்து நினைவூட்டி வரவழைப்பது ஒரு சுகாதார அமைப்பின் கடமை, அந்தப் பெண்ணின் ஞாபகசக்திக்கு விட்டுவிடுகிற விஷயம் அல்ல. சம்பளம் போகும், பஸ் செலவு ஆகும், உடம்பில் வலி எதுவும் இல்லை. அவர் ஏன் வர வேண்டும் என்று யாராவது ஒரு ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு வழக்கமும் இருக்கிறது. ‘எதுக்கு இந்தத் தொல்லை, கர்ப்பப்பையையே எடுத்துடலாம்’ என்று குடும்பத்தில் முடிவாகிவிடும். எடுத்தால் பரிசோதனையே வேண்டாம் என்ற நம்பிக்கையும் கூடவே வரும். அது தவறு. யோனியின் மேல்பகுதியிலும் அதே வைரஸ் தங்கி அதே மாதிரி மாற்றத்தை உண்டாக்கலாம். மூன்றாம் தர மாற்றத்துக்காகக் கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கும் யோனி மேல்முனையில் மாதிரி எடுத்துச் சோதிப்பது தொடர வேண்டும்.

எத்தனை காலம்? ஸ்வீடனில் மூன்றாம் தர மாற்றத்துக்குச் சிகிச்சை பெற்ற 150,883 பெண்களின் அரை நூற்றாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் ஒரு கட்டுரை வந்தது. பொதுவான பெண்களோடு ஒப்பிட்டால் இவர்களுக்குக் கருப்பைவாய் அல்லது யோனிப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். அந்த வாய்ப்பு அறுபது வயதைத் தாண்டிய பிறகு வேகமாக ஏறுகிறது, மரணத்தின் வாய்ப்பு எழுபதைத் தாண்டிய பிறகு. அமெரிக்க வழிகாட்டுதல் சிகிச்சைக்குப் பின் ஆறாம் மாதத்தில் தொடங்கி, வருடத்துக்கு ஒன்றாக மூன்று முறை வைரஸ் இல்லை என்று வந்த பிறகு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்று குறைந்தது 25 வருடம் தொடரச் சொல்கிறது. நாற்பது வயதில் சிகிச்சை பெற்றவருக்கு அந்தக் கணக்கு 65-இல் முடியும். பல நாடுகளில் பொதுப் பரிசோதனைத் திட்டங்களும் ஏறத்தாழ அந்த வயதில்தான் நின்றுவிடுகின்றன. ஸ்வீடன் வரைபடத்தில் கோடு மேலே ஏறிக்கொண்டிருப்பதும் அதே வயதில்தான். உடம்பு நன்றாக இருக்கும்வரை 25 வருடத்துக்கு அப்பாலும் தொடரலாம் என்று அந்த அமெரிக்க வழிகாட்டுதலே இடம் கொடுக்கிறது. பேரன் பேத்தி எடுத்த வயதில் ‘உனக்கு எதுக்கும்மா இனிமே இந்த டெஸ்ட்’ என்று யாராவது கேட்டால், பழைய ரிப்போர்ட்டில் சி.ஐ.என். 3 என்று இருக்கிறதா என்று முதலில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.